காதோரக் கட்டியும் ஒரு நோயியல் நிபுணரும்

தோல் நோய்ப் பிரிவில் புதிதாகச் சேரும் இளம் வைத்தியர்கள் என்னைப் பார்க்க வந்தால் அரிய நோய்களைப் பற்றித்தான் கேட்பார்கள். மலையகத்தில் இத்தனை வருடம் வேலை செய்தவள், பாடப்புத்தகத்தில் இல்லாத எதையாவது பார்த்திருப்பேன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. பார்த்திருக்கிறேன்தான். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற, ஆபத்தில்லாத ஒரு கட்டியைப் பற்றி. அந்தக் கட்டியைப் பற்றித் தவறாக எழுதிவிட்டு, அதன் பிறகு நடந்துகொண்ட விதத்தால் என் மனதில் மிக உயர்ந்த இடத்தைப் பிடித்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்வார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது ஹட்டன் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் இருந்தேன். ஜூன் மாதம். விடாத மழை. கிளினிக் கூடம் முழுக்க ஈரக் குடைகளும் நனைந்த கம்பளிச் சட்டை வாசமும். சத்திரசிகிச்சை வார்டிலிருந்து ஒரு தாயையும் மகளையும் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பிள்ளைக்கு விரல் இடுக்கில் சொறி. மறுநாள் காலையில் நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் அனுப்பப்போகிறார்கள், அதற்கு முன் சொறிக்கு மருந்து எழுதித் தரவும் என்று சீட்டில் இருந்தது. சொறி இருந்தால் அங்கே வார்டில் சேர்க்கச் சிரமம் கொடுப்பார்கள்.

பிள்ளையின் பெயர் தர்ஷினி. ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பயிற்சிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தாய் செல்வராணி பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். என் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் அன்று அந்த முகம் பல இரவுகள் தூங்காத முகமாக இருந்தது.

விரல்களைப் பார்த்தேன். சொறிதான். வேறெங்கும் இருக்கிறதா என்று பிள்ளையின் மணிக்கட்டு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்தேன். அப்போதுதான் இடது காதுக்கு முன்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் கவனித்தேன். அதை எடுத்ததும் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தெரிந்தது. மேல்தோலில் லேசான நீலம். ஊசி குத்தி மாதிரி எடுத்த தடம் ஒன்று.

விரலை வைத்தேன். கல்லைத் தொடுவது போல இருந்தது. சாதாரணமாக ஒரு கட்டி உருண்டையாகவும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கும். இது உடைந்த கூழாங்கல் போல மூலை மூலையாக இருந்தது. தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தபோது அந்த மூலைகள் கூடாரத் துணிக்கடியில் கம்பு நிற்பது போலத் தெரிந்தன. ஒரு நுனியை அழுத்தினேன், மறுநுனி மேலே எழும்பியது. தோலோடு சேர்ந்து அசைந்தது, அடியில் எதிலும் ஒட்டவில்லை.

இதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பைலோமட்ரிக்ஸோமா. முடி வேரின் கலங்களிலிருந்து வளர்ந்து, மெல்ல மெல்லச் சுண்ணாம்பு படிந்து கல்லாகிப் போகிற கட்டி. பிள்ளைகளின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வரும். சின்னதாக வெட்டி எடுத்துவிட்டால் கதை முடிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

பிறகுதான் பிள்ளையின் கோப்பைத் திறந்தேன். ஊசி மாதிரியின் அறிக்கை முன்னாலேயே இருந்தது. புற்றுநோய்க் கலங்கள் காணப்படுகின்றன, உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எழுந்த கட்டியாக இருக்கலாம், தாமதமின்றிச் சத்திரசிகிச்சை தேவை என்று இருந்தது. அதற்கு அடியில் உள்ளகப் பயிற்சி வைத்தியர் எழுதிய குறிப்பு. இரண்டு மாதத்தில் வேகமாக வளர்ந்த கட்டி.

 என் விரல் ஒன்று சொல்கிறது, கையெழுத்துப் போட்ட அறிக்கை வேறொன்று சொல்கிறது. இப்படி ஒரு நேரத்தில் நம் விரல்தான் சரி என்று குதிக்கத் தோன்றும். தயவுசெய்து குதிக்காதீர்கள். கல் போன்ற கட்டி எல்லாம் ஆபத்தில்லாதது என்று யாரும் எழுதித் தரவில்லை. முதலில் பிள்ளையிடம் கண்ணை இறுக மூடச் சொன்னேன், கன்னத்தை ஊதச் சொன்னேன், பல்லைக் காட்டச் சொன்னேன். முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்தன. கழுத்தில் நெறி எதுவும் தட்டுப்படவில்லை. பிறகு தாயிடம் கேட்டேன்.

“எவ்வளவு நாளா இருக்கும்மா இது?”

“ரெண்டு வருசம் இருக்குங்க, டாக்டரம்மா. இவ மூணாம் வகுப்புல இருந்தப்ப மொளகு மாதிரி இருந்துச்சு. சும்மா இருக்கட்டும்னு விட்டுட்டோம். இப்ப விளையாடுறப்போ யாரோட முழங்கையோ பட்டு நீலமா வீங்கிருச்சு. அதுக்குத்தான் காட்ட வந்தோம்.”

“ரெண்டு வருசம்னு இங்க சொன்னீங்களா?”

“சொன்னேங்களே. அந்தச் சின்ன டாக்டர் தம்பி சிங்களத்துல கேட்டாங்க. எனக்கு அவ்வளவா வராது. அவுருதுன்னு சொல்லி ரெண்டு விரலைக் காட்டுனேன்.”

சிங்களத்தில் அவுருது என்றால் வருடம். ஏப்ரலில் வருகிற புத்தாண்டுக்கும் அதே சொல்தான். ஜூன் மாதத்தில் ஒரு தாய் அவுருது என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினால், புத்தாண்டிலிருந்து இரண்டு மாதம் என்று ஒரு இளம் வைத்தியர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவர் கவனக்குறைவானவர் அல்ல. நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில், தனக்குத் தெரிந்த மொழியில், கேட்க வேண்டியதைக் கேட்டார். அதே பதில் மாதிரியோடு சேர்ந்து ஆய்வுகூடத்துக்கும் போய்விட்டது. இரண்டு மாதத்தில் வளர்ந்த கட்டி என்று வாசித்துவிட்டு நுண்ணோக்கியில் குனிகிற கண்ணுக்கும், இரண்டு வருடக் கட்டி என்று வாசித்துவிட்டுக் குனிகிற கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கும்.

செல்வராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏதும் வேற மாதிரி இருக்குங்களா?”

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல சொல் சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால், அது தவறிப்போனால், அந்தப் பெண் இரண்டாவது முறை உடைந்திருப்பார்.

“இப்ப எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சதும் நானே வார்டுக்கு வந்து சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்.”

“சரிங்க” என்றார். பிறகு மகளுக்குக் கேட்காத குரலில், “இவளுக்கு ஒண்ணும் தெரியாது. காலைல பேர் கொடுக்குற பெரட்டுல கங்காணிகிட்டக்கூட பிள்ளைக்குப் பல்லு வலின்னு சொல்லித்தான் லீவு கேட்டேன்” என்றார்.

நான் நேராகச் சத்திரசிகிச்சை நிபுணரின் அறைக்குப் போனேன். மலைநாட்டில் நான் பார்த்த சிறந்த கைகளில் ஒன்று அவருடையது. அறிக்கையைப் பார்த்த அன்றே நகரத்தில் பலரிடம் பேசி, பிள்ளைக்கு வார்டில் ஒரு கட்டில் ஒதுக்க வைத்திருந்தார். அந்தக் கட்டிலை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே செய்யப்போவது பெரிய வேலை. காதுக்கு முன்னால் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியை எடுப்பார்கள். முகத்தின் பாதியை அசைக்கிற நரம்பு அதற்குள்ளேதான் போகிறது. அதையும் எடுக்க வேண்டி வரலாம். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற தகப்பனை வரவழைத்து, பிள்ளையின் முகம் ஒரு பக்கம் தொங்கிப்போகலாம் என்று விளக்கமாகச் சொல்லி ஒப்புதலும் வாங்கியிருந்தார்.

நாங்கள் பேசியது சிங்களத்தில். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்.

“டொக்டர், உங்கள் விரலை நம்பி நான் அம்புலன்ஸை நிறுத்தி, கடைசியில் ரிப்போர்ட்தான் சரி என்று ஆனால்?”

“அதனால்தான் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில்தானே போகிறது. அதுவரை கேட்கிறேன். ரிப்போர்ட் எழுதியவர் இன்னொரு தடவை ஸ்லைடைப் பார்க்கட்டும்.”

அவர் கோப்பை மறுபடி திறந்து அறிக்கையைப் பார்த்தார். பிறகு, “நீங்கள் போன் பண்ணுங்கள். நான் அதற்குள் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன். கட்டிலை விட மாட்டேன்” என்றார். ஒரு நல்ல வைத்தியர் இரண்டு கதவையும் திறந்து வைத்திருப்பது எப்படி என்று அந்த ஒரு பதிலில் பார்த்தேன்.

நோயியல் நிபுணரை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கீழே நகரத்து ஆய்வுகூடத்தில் இருப்பவர். குரல் மட்டும் பழக்கம். சுருக்கமாகப் பேசுவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இன்னும் இறுகியது.

“நான் கண்டதைத்தான் எழுதினேன், டொக்டர்.”

“தெரியும். ஒரு விஷயம் உங்களுக்கு வந்து சேரவில்லை. அந்தக் கட்டி இரண்டு மாதத்தில் வந்ததில்லை. இரண்டு வருடமாக இருக்கிறது. கல் போல இருக்கிறது.”

மறுமுனையில் காகிதங்கள் புரட்டும் சத்தம் கேட்டது. 

“இரண்டு வருடம். யார் சொன்னது?”

“தாய். தமிழில் கேட்டேன்.”

“நான் திரும்பக் கூப்பிடுகிறேன்.”

வேறு நோயாளிகளைப் பார்த்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது, யாரைப் பார்த்தேன் என்பது நினைவில்லை. இடையில் ஸ்கேன் அறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கட்டிக்குள் சுண்ணாம்பு தெரிகிறது, அடியில் இருக்கிற சுரப்பி சுத்தமாக இருக்கிறது என்று. நல்ல செய்திதான். ஆனாலும் அறிக்கை அறிக்கையாகவே கோப்பில் இருந்தது.

மருந்தகத்தை மூடுகிற நேரத்தில் போன் வந்தது.

“டொக்டர், எல்லா ஸ்லைடையும் முதலிலிருந்து பார்த்தேன். இரண்டாவது ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. கலத்தின் உருவம் மட்டும் இருக்கிறது, நடுவில் கரு இல்லை. நிழல் கலங்கள். நான் அதைச் செத்த அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். இளம் கலங்கள் நெருக்கமாக, கறுப்பாக இருந்தன, அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று எழுதிவிட்டேன். இது பைலோமட்ரிக்ஸோமா. என் அறிக்கை பிழை. அம்புலன்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். சேர்ஜனிடம் நான் பேசுகிறேன்.”

நிழல் கலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கட்டிக்குள் வளர்ந்து முதிர்ந்த கலங்கள் கருவை இழந்து வெறும் உருவக் கோடாக நிற்கும். அவை இருந்தால்தான் இது ஆபத்தில்லாத கட்டி என்று உறுதி. ஊசி நுனியில் அவை நிறைய வந்தால் யாரும் தவற மாட்டார்கள். ஓரத்தில் ஒரு பிடி மட்டும் வந்தால் தேர்ந்தவர்களும் தவறுவார்கள். அதை அவருக்குச் சமாதானமாகச் சொல்லப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சேர்ஜனோடு பேசப் போய்விட்டார்.

மறுநாள் திருத்திய அறிக்கை வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நம் துறையில் எழுதுகிற நடை உங்களுக்குத் தெரியும். மேலதிக விபரங்கள் கிடைத்ததையடுத்து மறுபரிசீலனை செய்யப்பட்டது என்று ஒரு வரி. யார் மீதும் ஒன்றும் ஒட்டாது. அவருடைய மேலதிகாரியும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். கொடுக்கப்பட்ட நோய் விபரமே பிழையாக இருந்தது என்பதும் உண்மைதானே என்று. அவர் எழுதி அனுப்பியது இரண்டே வரி. முந்தைய அறிக்கை தவறு, முதல் பார்வையில் நிழல் கலங்களை நான் கவனிக்கவில்லை. கீழே கையெழுத்து. உள்ளகப் பயிற்சி வைத்தியரின் பெயரையோ அந்த இரண்டு விரல் கதையையோ அதில் அவர் சேர்க்கவே இல்லை. பழியைப் பங்கு போட அருமையான வாய்ப்பு கையில் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. அந்த இளம் வைத்தியர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, நோய் எவ்வளவு காலம் என்று தமிழில் எப்படிக் கேட்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். இன்று அவர் ஊவாப் பக்கத்தில் நல்ல தமிழ் பேசுகிறார் என்று கேள்வி.

வாக்குக் கொடுத்தபடி நானே வார்டுக்குப் போய்ச் செல்வராணியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. “நெசந்தானுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கட்டிலில் படித்துக்கொண்டிருந்த மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே தாழ்வாரத்தில் தகப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த வேறு யாராக இருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில், கட்டியை எடுக்கும் முன்னமே, நோயியல் நிபுணர் ரயிலேறி ஹட்டனில் வந்து இறங்கினார். மெலிந்த, மூக்குக் கண்ணாடி போட்ட சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். சேலை முந்தானை முழுக்க மழை. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய வேலையில் அவர் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, கண்ணாடித் துண்டில் ஒட்டிய கலங்களைத்தான் பார்க்கிறார். தர்ஷினியின் பக்கத்தில் உட்கார்ந்து, தொடலாமா என்று சைகையில் கேட்டு, ஒரு விரலை அந்தக் கட்டியின் மேல் வைத்தார். ஒரு நுனியை அழுத்தினார், மறுநுனி எழும்பியது. திரும்பவும் அழுத்தினார்.

“இவ்வளவு கெட்டியாகவா இருக்கும்” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். “நான் இதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.”

பிறகு செல்வராணி பக்கம் திரும்பினார். அவர் சிங்களத்தில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான். அது தப்பு. உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் அவ்வளவு துன்பப்படுத்தினேன். மன்னிச்சுக்குங்க.

செல்வராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“அந்த ரிப்போட்டு வந்ததுல இருந்து இவளுக்குத் தலை சீவுறப்பல்லாம், இன்னும் எத்தன தடவ சீவுவேனோன்னு நெனச்சுக்கிட்டேதான் சீவுனேன். அதை இந்த மிஸ்கிட்டச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“நேர்ல வந்து சொன்னாங்க பாருங்க, அது நல்ல மனசு. நான் இல்லேங்கல. ஆனா ஒண்ணு கேக்கணும். இவ கதை இந்த டாக்டரம்மா கையில மாட்டுனதால தெரிஞ்சிச்சு. இதுக்கு முன்னாடி வேற பிள்ளைங்களுக்கும் இப்படி எழுதியிருப்பாங்களா?”

அதை மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை. வந்தவரை ஏன் இன்னும் குத்த வேண்டும் என்று நினைத்தேன். நான் தயங்குவதை நோயியல் நிபுணர் பார்த்துவிட்டார்.

“என்ன கேட்டார்? அப்படியே சொல்லுங்கள்.”

அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“தெரியாது என்று சொல்லுங்கள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.”

தர்ஷினியின் கட்டியைச் சேர்ஜன் சின்னதாக ஒரு கீறல் போட்டு எடுத்தார். சாக்கட்டித் துண்டு போல வெள்ளையாக வெளியே வந்தது. பிள்ளை பரீட்சை எழுதினாள். இப்போது காதோரத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, அதையும் முடி மறைத்துவிடுகிறது.

நோயியல் நிபுணர் தேடத் தொடங்கினார். அவர் அந்த ஆய்வுகூடத்துக்கு வந்த நாளிலிருந்து, பிள்ளைகளின் தலை, கழுத்து, கைக் கட்டிகளில் ஊசி குத்தி எடுத்து, புற்றுநோய் என்றோ சந்தேகம் என்றோ அவர் கையெழுத்திட்ட ஒவ்வொரு ஸ்லைடும். வேலை நேரத்தில் அன்றாட வேலையே கழுத்துவரை இருக்கும். விடுமுறை நாட்களில் வந்து உட்கார்ந்தார். கூட வேலை செய்கிறவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழையதைக் கிண்டினால் ஆய்வுகூடத்தின் பெயர்தான் கெடும் என்றார்கள். வழக்கு வரும் என்று ஒருவர் பயமுறுத்தினார். இதையெல்லாம் அவர் முறையிடுவது போலச் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார். இடையிடையே எனக்கு ஒரு செய்தி வரும். இதுவரை எல்லாம் சரி என்று மட்டும் இருக்கும்.

பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. அவர் நல்ல கண் உள்ளவர். அந்த அறிக்கைகளால் நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்துப் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் போன் வந்தது.

“ஒன்று இருக்கிறது.”

பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டம். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை, கழுத்தோரத்தில் கட்டி. சென்ற ஆண்டு சந்தேகம் என்று எழுதி அனுப்பிய அறிக்கை. இப்போது பார்த்தால் சுண்ணாம்புத் துகள்களும், உறுதியாகச் சொல்ல முடியாத சில நிழல் கலங்களும். அதைவிட மோசம், அறிக்கைக்குப் பிறகு அந்தக் குடும்பம் எந்த வைத்தியசாலைக்கும் திரும்பி வரவில்லை. கொடுத்திருந்த போன் இலக்கமும் வேலை செய்யவில்லை. அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போகிற குடும்பநல மாதுவைப் பிடித்து விசாரித்ததில், பிள்ளை உயிரோடு இருக்கிறாள், பாடசாலைக்குப் போவதில்லை என்று மட்டும் தெரியவந்தது.

“என்னோடு வருவீர்களா? உங்கள் விரல் வேண்டும்” என்றார்.

போனோம். குடும்பநல மாது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி அறையைக் காட்டினார். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். தகப்பன் முருகையா கதவருகில் நின்று எங்களை உள்ளே வரச் சொல்லாமல் பார்த்தார். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அதனால் மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

அவருடைய தங்கை புற்றுநோய்க்காக நகரத்து வைத்தியசாலைக்குப் போய், பட வேண்டியதெல்லாம் பட்டு, திரும்பி வந்து இறந்துபோனவராம். மகளுக்கும் அதே சொல்லைக் கேட்டதும், போகிற உயிர் வீட்டில் இருந்து நிம்மதியாகப் போகட்டும் என்று அவரும் மனைவியும் முடிவு செய்திருக்கிறார்கள். பாடசாலையை நிறுத்திவிட்டார்கள். கேட்டதையெல்லாம் சமைத்துக் கொடுத்தார்கள்.

நோயியல் நிபுணர் தன்னை யார் என்று சொன்னார். எழுதியது தான்தான் என்றார். “அந்த முடிவு தப்பாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் முழுதாகச் சொல்ல முடியும். முழுதாகத் தெரிந்தது போல உங்களிடம் பேச மாட்டேன். ஆனால் நான் இப்போது பயப்படவில்லை” என்றார்.

முருகையா கதவு நிலையில் கையை ஊன்றினார்.

“சொல்லி அனுப்பியிருந்தால் நாங்களே வந்திருப்போமே, நோனா.”

“வந்திருக்க மாட்டீர்கள்” என்றார் அவர். “உங்களைப் பயமுறுத்தியது என் எழுத்து. வேறு யாரையும் அனுப்பி அந்தப் பயத்தை எடுக்க முடியாது.”

உள்ளேயிருந்து பிள்ளை வந்தாள். நிரோஷா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். யாரும் சொல்லாமலே என் முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். தொட்டேன். மூலை மூலையாக, கல் போல. அழுத்தினால் மறுநுனி எழும்பியது. நோயியல் நிபுணரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

“உனக்கு என்னன்னு வீட்டுல சொன்னாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“சொல்லலைங்க. ஆனா தெரியும்” என்றாள். “ஒரு வருசமா என்னைய யாருமே திட்டுறதில்ல.”

முருகையா கதவை விட்டு விலகிப் போய்விட்டார். தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் அவரே மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அதே சேர்ஜன்தான் எடுத்தார். எடுத்த துண்டு நகரத்து ஆய்வுகூடத்துக்குப் போனது. வேறொருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது என்று நோயியல் நிபுணரே தன் மூத்த சகபாடி ஒருவரிடம் முதலில் கொடுத்து, அவர் முடிவை எழுதிய பிறகுதான் தான் நுண்ணோக்கியில் குனிந்தாராம். இரண்டு கண்களும் தனித்தனியே பார்க்கட்டும் என்று. அதன் பிறகு அந்த ஆய்வுகூடத்தில் பிள்ளைகளின் இப்படிப்பட்ட மாதிரிகள் எல்லாவற்றுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நீங்கள் தவறுவீர்கள். உங்களைவிடக் கூர்மையான கண் உள்ளவர்கள் தவறியிருக்கிறார்கள். தாயின் மொழியில் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள், அறிக்கையும் விரலும் முரண்பட்டால் எழுதியவரைக் கூப்பிட வெட்கப்படாதீர்கள் என்றெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவை கற்றுக்கொள்ளக் கூடியவை. தவறிய பிறகு, தெரியவந்த ஒன்றோடு நிற்காமல், தெரியாமல் போனவற்றைத் தேடிப் போன ஒருவரை நான் என் பணிக்காலத்தில் ஒரு முறைதான் பார்த்தேன்.

நிரோஷாவின் முடிவைச் சொல்ல அவர் கிளினிக்குக்கு நேரே போன் செய்தார். வழக்கம் போலச் சுருக்கமாக வாசிக்கத் தொடங்கினார். கட்டியின் அளவு, நிறம், ஓரங்கள். “நிழல் கலங்கள்” என்றார். “ஓரத்தில் ஒரு பிடி இல்லை, டொக்டர். எங்கே பார்த்தாலும். ஸ்லைடு முழுக்க.” அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. காகிதத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “தகப்பனுக்கு நான்தான் சொல்லப் போகிறேன்” என்றார். “நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.”